நித்யாவின் காரில் உன் அம்மா

சரவணா, முதலில் உட்கார். லிஃப்டில் போய்க்கொண்டே படிக்கிற கடிதம் இல்லை இது. போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடும், இல்லையென்றால் சிக்னல் போய்விடும். பெங்களூரில் இருக்கிற சிக்னல் எல்லாம் நான் பேசும்போது மட்டும் எங்கே போகிறதோ தெரியவில்லை. காகிதத்தில் எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம், அதற்கு முன்னால் உன்னிடம் ஒரு விஷயத்தை முழுசாகப் பேசி முடிக்க எனக்கு இது ஒன்றுதான் வழி. கோபமாக எழுதுகிறேனோ என்று பயப்படாதே. கோபம் இருக்கிறது, நடுவில் வரும். ஆனால் இப்போது உன் அம்மா இருக்கிற சந்தோஷத்தில் கோபத்துக்கு இடம் குறைவு. டிவிக்குப் பக்கத்தில், நீ பட்டம் வாங்கின போட்டோவைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்திவிட்டு, ஒரு கோப்பை வைத்திருக்கிறேன். அதில் பாதி என்னுடையது, பாதி நித்யாவுடையது.

போன வெள்ளிக்கிழமை நீ போன் செய்தாயே, அங்கிருந்து ஆரம்பிக்கிறேன். "அம்மா, நித்யாகிட்ட நீயே பக்குவமா சொல்லிடும்மா. கல்யாணத்துக்கு அப்புறம் இந்தக் கார் போட்டியெல்லாம் நம்ம வீட்டுக்குச் சரிப்படாதுன்னு. நான் சொன்னா சண்டையாயிடும். நீ சொன்னா கேட்டுப்பா" என்றாய். நானும் சரி என்றேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் அப்போது அது நியாயமாகத்தான் பட்டது. கலசப்பாக்கத்துப் பெண், கால்நடை டாக்டர், ஊர் ஊராகப் போய்ச் சினைமாடு பார்க்கிறவள், கை நிறைய வேலை வைத்திருக்கிறவள். ஞாயிற்றுக்கிழமையானால் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு எதற்குப் புழுதியில் சுற்ற வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன். கார் பந்தயம் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் டிவியில் நீ சின்ன வயதில் பார்ப்பாயே, தரையோடு ஒட்டிக்கொண்டு, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு தீப்பிடித்து ஓடுமே, அந்த வண்டிகள்தான். நம் வீட்டுக்கு வரப்போகிற பெண்ணை அதற்குள் உட்கார்த்திப் பார்க்க எந்த அம்மாவுக்கு மனசு வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நம் ஆரணியிலேயே ஒரு போட்டி, காலையில் வந்து நின்று பேசிவிட்டுப் போங்கள் அத்தை என்று அவளே கூப்பிட்டிருந்தாள். நானும் ஒரு டப்பாவில் இட்லியும் எள்ளுப்பொடியும் எடுத்துக்கொண்டு போனேன். சாப்பிட வைத்துவிட்டுச் சொன்னால் கொஞ்சம் இதமாக இறங்கும் என்று எனக்கு ஒரு கணக்கு. ரைஸ் மில் களத்தில்தான் எல்லோரும் கூடியிருந்தார்கள். போய்ப் பார்த்தால், சரவணா, அங்கே ஒரு பந்தயக் காரும் இல்லை. நம் தெருவில் வெயிலில் நிற்கிற அதே கார்கள்தான் வரிசையாக நின்றன. ஒன்றில் பின்சீட்டில் குழந்தை உட்காரும் நாற்காலி. இன்னொன்றில் முன்னால் பிள்ளையார், கண்ணாடியில் எலுமிச்சம்பழம். போளூரிலிருந்து ஒரு ஸ்கூல் வாத்தியார் மனைவியோடு வந்திருந்தார். வேலூரில் மருந்துக்கடை வைத்திருக்கிற அண்ணன் தம்பி இரண்டு பேர். வண்டி ஒவ்வொன்றையும் இரண்டு பேர் குனிந்து குனிந்து பார்த்தார்கள், லைட் எரிகிறதா, பிரேக் பிடிக்கிறதா, டயர் தேய்ந்திருக்கிறதா, சீட் பெல்ட் மாட்டுகிறதா, முதலுதவிப் பெட்டி இருக்கிறதா என்று. உன் அப்பா ஓட்டுகிற நம் காரை அங்கே கொண்டுபோயிருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

நித்யாவின் வெள்ளைக் காரின் டிக்கியிலிருந்து மாட்டு ஊசி டப்பாவையும் ரப்பர் பூட்ஸையும் இறக்கி வைத்துக்கொண்டே, எனக்கு அவள் பாடம் எடுத்தாள். சொந்தக் காரை வைத்துக்கொண்டு சாதாரண மனிதர்கள் விளையாடுகிற விளையாட்டு பல தினுசாம். திறந்த மைதானத்தில் ஆரஞ்சுக் கூம்புகளைக் கோலப்புள்ளி மாதிரி வைத்து, ஒவ்வொரு வண்டியாக உள்ளே விட்டு, கூம்பைத் தட்டாமல் வளைந்து வளைந்து யார் சீக்கிரம் வெளியே வருகிறார்கள் என்று பார்ப்பது ஆட்டோகிராஸ். கூம்பைத் தட்டினால் நேரத்தில் கூட்டிவிடுவார்கள். இடிப்பதற்கு அங்கே வேறு வண்டியே கிடையாது. சென்னைப் பக்கம் நிஜமான ரேஸ் டிராக்கை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, ஹெல்மெட் போட்டு, பக்கத்தில் கற்றுக்கொடுக்கிறவரை உட்காரவைத்து, யாரோடும் போட்டி போடாமல் தன் வண்டி என்ன தாங்கும் என்று பார்த்துக்கொள்வது இன்னொன்று. போக்குவரத்தை நிறுத்திவிட்டு மலைப்பாதையில் ஒவ்வொருவராக ஏறுவது ஒன்று. ஒரு லிட்டர் பெட்ரோலில் யார் அதிக தூரம் போகிறார்கள் என்று பார்ப்பது ஒன்று. இதைக் கேட்டதும் உன் அப்பா ஞாபகம் வந்தது. அவருக்காகவே கண்டுபிடித்த மாதிரி இருந்தது.

அன்றைக்கு நடந்தது இவை எதுவும் இல்லை. அதற்கு நேர ராலி என்று பேர். எல்லோரும் போகிற ரோட்டில்தான் போக வேண்டும், வேகமாகப் போகவே கூடாது. இந்த இடத்திலிருந்து இந்த இடம் வரை மணிக்கு முப்பது கிலோமீட்டர் சராசரி, அதற்கப்புறம் முப்பத்தாறு என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். வழியில் எங்கேயோ ஒரு புளியமரத்தடியில் கடிகாரத்தோடு ஆள் உட்கார்ந்திருப்பான். எங்கே என்று யாருக்கும் தெரியாது. நாம் அவனைத் தாண்ட வேண்டிய நொடியில் தாண்ட வேண்டும். பிந்தினாலும் குற்றம், முந்தினால் அதைவிடப் பெரிய குற்றம். ஓட்டுகிறவர் வலதுபக்கம். இடதுபக்கம் உட்கார்ந்திருப்பவர் கையில் வழிப்புத்தகம் இருக்கும். எத்தனையாவது கிலோமீட்டரில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், இப்போது முந்துகிறோமா பிந்துகிறோமா என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும். அவரை நேவிகேட்டர் என்கிறார்கள்.

அப்போதுதான் நித்யாவுக்குப் போன் வந்தது. நேவிகேட்டராக வர வேண்டிய அவள் சிநேகிதிக்கு விடியற்காலையிலிருந்து காய்ச்சல். இரண்டு பேர் இல்லாமல் வண்டியை விட மாட்டார்களாம். நித்யா டிக்கியைத் திறந்து, இறக்கி வைத்த ஊசி டப்பாவைத் திரும்ப எடுத்து உள்ளே வைத்தாள். முகத்தைப் பார்த்தேன், வைத்த டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நேரம் பார்த்து, அட்டையும் பேனாவுமாக ஒருவர் வந்து, "நேவிகேட்டர் யாருங்க? பேரு சொல்லுங்க, ஜல்தி" என்றார். அப்படி வாட்டமாக நிற்கிற பெண்ணிடம், இனிமேல் இதெல்லாம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. வேறு எதுவோ எழுந்தது. "நான்தாங்க" என்றேன். கையில் இட்லி டப்பா அப்படியே இருந்தது. நித்யா திரும்பி, "அத்தை, நிஜமாவா?" என்றாள். "முப்பது வருஷமா உன் மாமாவுக்கு இடதுபக்கம் உக்காந்துதான வழி சொல்லிகினு இருக்கேன். இது இன்னா பெரிய வித்தை?" என்றேன். அந்தத் திமிருக்குத்தான் அரைமணியில் கூலி கிடைத்தது.

உனக்குத் தெரியாததா. நானும் உன் அப்பாவும் விற்பனைக்குப் புடவை எடுக்கத் தறிக்காரர் வீடுகளுக்குப் போகாத தெரு இந்தப் பக்கத்தில் இல்லை. வழிப்புத்தகத்தில் சேவூர் தாண்டும்வரை மெயின் ரோட்டிலேயே போகச் சொல்லியிருந்தது. எனக்கு அந்த மெயின் ரோடே பிடிக்காது. நாம் என்றைக்கு அதில் போனோம்? இடது கைப்பக்கம் அந்தப் பழைய சந்து வந்ததும், புத்தகத்தை மடியில் போட்டுவிட்டு, "இப்படித் திருப்பு, சீக்கிரம் போயிடலாம்" என்றேன். பாவம், அவள் என்னை நம்பித் திருப்பினாள். சீக்கிரம் போகக் கூடாது என்பதுதான் அந்த விளையாட்டே என்பது அந்த நேரத்தில் என் மண்டையில் இல்லை. அதோடு விட்டேனா. அந்தச் சந்தில்தான் மல்லிகா வீடு. நமக்கு எத்தனையோ வருஷமாகப் புடவை நெய்து கொடுக்கிறவள். வாசலில் நின்று கையைக் காட்டினாள். தறிக்காரர் வீட்டு வாசலில் ஆள் நிற்கும்போது நம் வண்டி நிற்காமல் போனால், இனிமேல் உன் புடவை எனக்கு வேண்டாம் என்று முகத்தில் அடித்துச் சொன்ன மாதிரி. அந்த மரியாதை ரத்தத்தில் ஊறிப்போயிருக்கிறது. "நிறுத்தும்மா, ஒரு நிமிஷம்" என்றேன். கதவில் ஏழாம் நம்பர் ஒட்டிய கார், நொடிக்கணக்குப் போட்டி நடுவில், குசலம் விசாரிக்க நின்றது.

மல்லிகா ஜன்னலுக்கு வந்து குனிந்து பார்த்தாள். "இன்னாக்கா, கார்ல நம்பர்லாம் ஒட்டிகினு வந்துகிறீங்க? எலெக்சனா?" என்றாள். போட்டி என்றேன். மோர் எடுத்துவரட்டுமா என்றாள். நித்யா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, எனக்கு மரியாதை கொடுத்து, ஒரு வார்த்தை பேசாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "மருமவளா? நல்லா ஓட்டுறியேம்மா. கல்யாணத்துக்கு அப்பறமும் இப்படி மாமியாரை இட்டுகினு சுத்துவியா?" என்று மல்லிகா கேட்டாள். நித்யா சிரித்தபடி சொன்னாள், "இல்லைங்க, இதுதான் கடைசி. அத்தைக்கு இதெல்லாம் பிடிக்காது."

சரவணா, நான் இன்னும் வாயையே திறக்கவில்லை. காலையிலிருந்து அந்தப் பெண்ணிடம் இதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. "உனக்கு யாரு சொன்னது?" என்று கேட்டேன். அவள் முதலில் மழுப்பினாள். மல்லிகா மோர் எடுக்க உள்ளே போனதும் சொன்னாள். "அவருதான் அத்தை, ரெண்டு மாசமா சொல்லிகினு இருக்காரு. எனக்கு ஒண்ணும் இல்ல, அம்மாவுக்குத்தான் பிடிக்கல, அம்மா மனசு கஷ்டப்படுதுன்னு. பெரியவங்களுக்காகன்னா விட்டுடலாம்னுதான் நெனச்சேன். ஆனா விட்டுக்குடுத்துட்டு, உள்ளுக்குள்ள உங்க மேல கோபத்தை வெச்சிகினு உங்க வீட்லயே எப்படி இருக்கறதுன்னு பயமா இருக்கு. கல்யாணத்தையே கொஞ்சம் தள்ளி வெக்கலாமான்னு எங்கப்பாகிட்ட கேக்கலாம்னு இருந்தேன்." இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. நேராக ரோட்டைப் பார்த்தே சொன்னாள். எனக்குத்தான் காது இரண்டும் சூடாகிவிட்டது. நீ வெள்ளிக்கிழமை என்னிடம் சொன்னது என்ன, இரண்டு மாதமாக அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தது என்ன. என் பேரை வைத்து நீ பிரேக் போட்டிருக்கிறாய், என்னைக் கேட்காமலே. நான் சொன்னேனே, நடுவில் கோபம் வரும் என்று, அது இதுதான்.

ஆனால் அங்கே உட்கார்ந்து கோபப்பட நேரமில்லை. தலையை நிமிர்த்திப் பார்த்தால், நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் எதிரே தெரு முழுக்கத் தறிக்கு ஏற்றப்போகிற பாவு நூலை நீட்டிவிட்டார்கள். தெருக்கோடி வரைக்கும் பட்டிழை மஞ்சளாக விரிந்து கிடக்கிறது, ஆட்கள் இரண்டு பக்கமும் நின்று நூல் சரிசெய்கிறார்கள். அதைச் சுருட்டச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது, நாமே அப்படிக் கேட்கிற ஆளும் இல்லை. திருப்புவதற்கும் இடமில்லை. ஒரு பக்கம் சாக்கடை, இன்னொரு பக்கம் வாசல்படிகள், சைக்கிள், கட்டிப்போட்ட ஆடு. "பேஜார் பண்ணிட்டேனேம்மா" என்றேன். நித்யா, "ஒண்ணும் இல்ல அத்தை. பெல்ட்டை இறுக்கிப் போட்டுக்கோங்க, திரும்பிப் பாக்காதீங்க" என்றாள். இடது கையை என் சீட்டின் மேல் போட்டு, உடம்பைத் திருப்பிப் பின்னால் பார்த்து, அவ்வளவு நீளச் சந்து முழுக்கப் பின்னோக்கியே ஓட்டினாள். ஒரு இடத்தில் நிறுத்தி யோசிக்கவில்லை, ஒரு சைக்கிள் ஹேண்டில் உரசவில்லை, ஆடுகூட எழுந்து நிற்கவில்லை. சந்து முனையில் ஆள் வருகிறார்களா என்று நின்று பார்த்து, ஹாரன் கொடுத்து, மெயின் ரோட்டில் வண்டியை நேராக்கினாள். மல்லிகா மோர்ச்செம்போடு தெரு நடுவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மைதானத்தில் கூம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓட்டுவதால் என்ன பிரயோஜனம் என்று நீ கேட்பாய். இதுதான்.

நீ சின்னப் பையனாக இருந்தபோது, படவேட்டில் என் அண்ணன் நிலத்துக் கிணற்றில் பையன்கள் எல்லாம் குதித்துக்கொண்டிருந்தார்கள். உன்னையும் கூப்பிட்டார்கள். நீ கரையில் நின்று, "எங்கம்மா திட்டுவாங்கடா" என்றாய். நான் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் துணி அலசிக்கொண்டிருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது. நான் எப்போது குதிக்காதே என்றேன்? முந்தின நாள்தான் நீ தண்ணீரில் மிதக்க இடுப்பில் கட்டிக்கொள்ளச் சுரைக்குடுக்கை வாங்கி வந்திருந்தேன். ஆனாலும் நான் வெளியே வந்து எதுவும் கேட்கவில்லை. பிள்ளை பயப்படுகிறான், என் பேருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் போகட்டும், அம்மா எதற்கு இருக்கிறேன் என்று நினைத்தேன். அப்போது அது சரிதான், உனக்கு எட்டு வயது. இப்போது உனக்கு வயதென்ன, கண்ணு? இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு மணமேடையில் உட்கார முடியுமா?

போட்டிக்கு வருகிறேன். சேவூர் தாண்டிப் புளியமரத்தடியில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்த பையனை நாங்கள் கடந்தபோது ரொம்பவே பிந்திவிட்டோம். எல்லாம் போச்சு என்று நினைத்தேன். நித்யாதான், சந்தவாசல் ஊரில் எல்லா வண்டிக்கும் புதிதாக நேரம் எழுதிக் கொடுத்து அனுப்புவார்கள், பழைய தாமதம் அதற்கு மேல் தொடராது, விழுந்த குற்றப்புள்ளி விழுந்ததுதான், இனிமேல் விழாமல் பார்த்துக்கொள்வோம் என்றாள். அங்கே கிடைத்த பத்து நிமிஷ இடைவெளியில் இட்லியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். முப்பது கிலோமீட்டர் சராசரி என்றால் ஒரு கிலோமீட்டருக்கு இரண்டு நிமிடம். முப்பத்தாறு என்றால் ஒன்றேமுக்காலுக்குக் கொஞ்சம் குறைவு. கிலோமீட்டர் முள்ளைப் பார், கடிகாரத்தைப் பார், அட்டவணையைப் பார், வாயைத் திற. முதலில் இரண்டு தடவை தப்பாகச் சொன்னேன். மூன்றாவது தடவையிலிருந்து பிடிபட்டது.

படவேடு ரோட்டில் எனக்கு நடந்த சோதனையை நீ பார்த்திருக்க வேண்டும். அந்த வழியெல்லாம் நான் பிறந்து வளர்ந்த வழி. வலதுபக்கம் ஏரிக்கரை மேல் போனால் பாதி தூரம் மிச்சம் என்று தெரியும். கோயில் பக்கம் பூக்கடைக்காரி என்னைப் பார்த்து எழுந்தே நின்றுவிட்டாள். நான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. அதில் என்ன எழுதியிருந்ததோ அதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. "இன்னும் இருநூறு மீட்டர், இடது. நாலு செகண்டு முந்திட்டோம், அழுத்தாத. இப்ப சரி. இப்படியே போ." அவள் ஒரு வார்த்தை எதிர்க்கேள்வி கேட்காமல், நான் சொன்ன சொல்லுக்குக் காலை வைத்தாள், எடுத்தாள். எங்களை முந்திக்கொண்டு அந்த மருந்துக்கடை அண்ணன் தம்பி விர்ரென்று போனார்கள். எனக்கும் வேகமாகப் போகச் சொல்லிவிட வேண்டும் போல உதடு துடித்தது. அடக்கிக்கொண்டேன். அடுத்த வளைவில் ஒரு மாட்டுக்கொட்டகை நிழலில் கடிகாரக்காரன் உட்கார்ந்திருந்தான். நாங்கள் அவனைத் தாண்டும்போது நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அந்த நொடியேதான். இரண்டு பேரும் கத்திவிட்டோம், சரவணா. ஐம்பத்தாறு வயதில் நான் காருக்குள் உட்கார்ந்து அப்படிக் கத்துவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

போளூர் வழியாகச் சுற்றி ரைஸ் மில் களத்துக்குத் திரும்பி வந்தபோது உன் அப்பா வெயிலில் ஸ்கூட்டரோடு நின்றுகொண்டிருந்தார். மல்லிகா போன் போட்டுச் சொல்லிவிட்டாளாம், அக்கா ரேஸ் ஓட்டுது என்று. முதலில் முகத்தை உர்ரென்று வைத்திருந்தார். பிறகு முடிவு படித்தார்கள். நேரம் தவறியவர்களில் பாதிப் பேர் பிந்தியதால் தவறவில்லை, முந்தியதால்தான் தவறினார்கள். மருந்துக்கடைக்காரர்கள் நாலு இடத்தில் முந்தியிருந்தார்கள். எங்களுக்கு மல்லிகா வீட்டு மோருக்கு விழுந்த புள்ளியைத் தவிர வேறு புள்ளியே அனேகமாக இல்லை. பெண்கள் பிரிவில் முதல் இடம், எல்லோரையும் சேர்த்தாலே மூன்றாவது இடம். மைக்கில் என் பேரைக் கூப்பிட்டார்கள். உன் அம்மா என்றோ, உன் அப்பா மனைவி என்றோ இல்லை, என் பேரை. கடைசியாக என் பேரை மைக்கில் கேட்டது எட்டாவது படிக்கும்போது. புடவை முந்தானையைச் செருகிக்கொண்டு ஏறி வாங்கினேன். களம் முழுக்கக் கைதட்டியது.

உன் அப்பா கிட்டே வந்து கோப்பையைத் தூக்கி எடை பார்த்தார். "முப்பது வருஷமா எனக்கு வழி சொல்லிகினு வந்தியே, ஒரு கப்பு வாங்கிக் குடுத்தியா?" என்றார். "முப்பது வருஷத்துல ஒருநாளாவது நான் சொன்னபடி ஓட்டியிருக்கீங்களா?" என்றேன். நித்யா சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்ற வாத்தியாரும் சிரித்துவிட்டார். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் உன் அப்பா மெதுவாக, பெட்ரோல் சிக்கனப் போட்டி எப்போது வரும் என்று கேட்டார். இறக்கத்தில் இன்ஜினை ஆஃப் செய்து ஓட்டினால் அங்கே சேர்க்க மாட்டார்கள் என்று சொல்லிவைத்திருக்கிறேன். இப்போது ஒழுங்காக ஓட்டிப் பழகிக்கொண்டிருக்கிறார், சரவணா. டயருக்குக் காற்றுகூடப் பிடித்துவிட்டார்.

இதையெல்லாம் பெருமை பேசுவதற்காக மட்டும் எழுதவில்லை, பெருமையும் இருக்கிறது. ஒரு குடும்பத்தை ஓட்டிய வகையில் உனக்குச் சொல்ல எனக்கு ஒன்று இருக்கிறது. நானும் உன் அப்பாவும் சண்டை போடாத வாரம் கிடையாது, உனக்கே தெரியும். சரக்கு விஷயத்தில் போட்டோம், உன் படிப்பு விஷயத்தில் போட்டோம், உன் சித்தப்பா விஷயத்தில் பேசாமலே ஒரு மாதம் இருந்தோம். ஆனால் அவருக்குப் பிடிக்காததை அவர் என் முகத்துக்கு நேராகச் சொல்வார். அவர் அம்மா பேரில் ஒரு நாளும் சொன்னதில்லை. அந்த ஒன்றுக்காக நான் அவருடைய மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். நித்யா உன்னை ஒருதரம் மைதானத்துக்குக் கூட்டிப்போய், போட்டி முடிந்த பிறகு பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்று வந்தாளாமே. இறங்கும்போது உன் முகம் வெளுத்துப்போயிருந்ததாம், நீ சிரித்துச் சமாளித்தாயாம். அதற்கப்புறம்தான் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்று ஆரம்பித்தாயாம். அட பைத்தியமே, பயமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நீ பயப்படுவது அவள் மேல் உள்ள பிரியம்தான். அதை அவளிடம் சொன்னால் அவள் காது கொடுத்துக் கேட்பாள். அதற்கு என் பேரை ஒட்டி அனுப்பினால் அவள் எப்படிப் புரிந்துகொள்வாள்?

நீ என்னைச் சொல்லச் சொன்னதை நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அன்றைக்கு அவள்தான் என்னைக் காரில் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டாள். வாசலில் வண்டியை நிறுத்தியதும், "பிடிக்கலன்னு சொன்னது நான் இல்லம்மா. அவன் சொன்னது அவன் பயம்" என்று மட்டும் சொன்னேன். அவள் இன்ஜினை அணைத்தாள். பிறகு, "அதை அவரு வாயால சொல்லட்டும் அத்தை. பயமா இருக்குன்னா, எங்க பயம்னு கேக்கறேன். கூட வந்து நின்னு பாக்கட்டும், வேணாம்னா வீட்ல இருக்கட்டும். எங்கப்பாகிட்ட நான் இன்னும் எதுவும் பேசலை. ஒரு வாரம் பாக்கறேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, காத்திருக்கிறவள் குரலில்தான் சொன்னாள். அந்த ஒரு வாரத்தில் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துசேர இரண்டு மூன்று நாள் போய்விடும். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறவர் தினமும் உன் அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். உன் பேருக்குப் பக்கத்தில் அந்தப் பெண் பேரை அச்சடிப்பது இப்போது என் கையிலும் இல்லை, அச்சடிக்கிறவர் கையிலும் இல்லை.

படித்து முடித்ததும் எனக்குப் போன் போடாதே. அவளுக்குப் போடு. பயமாக இருக்கிறது என்று சொல், தாராளமாகச் சொல். வேண்டுமானால் போட்டியை விட்டுவிடு என்றுகூடக் கேள், அவள் என்ன சொல்கிறாளோ கேட்டுக்கொள். உன்னை விட்டுக்கொடுக்கிற அம்மா நான் இல்லை, அது உனக்கே தெரியும். ஆனால் அம்மாவுக்குப் பிடிக்காது என்று மட்டும் சொல்லாதே. இந்த ஞாயிற்றுக்கிழமையும் அவள் காரில் இடதுபக்கம் நான்தான் உட்காரப்போகிறேன். அம்மாவுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

உன் அம்மா